சிபியு சும்மா இருக்கு, ராம் காலியா இருக்கு... அப்புறம் ஏன் சர்வர் படுக்குது? ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ எரரின் பின்னணி

தேர்வு முடிவு வெளியாகும் காலை, பெரிய ஹீரோ படத்துக்கு முன்பதிவு திறக்கும் நிமிடம், தள்ளுபடி விற்பனை தொடங்கும் நள்ளிரவு. இணையதளம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வெள்ளைத் திரையைக் காட்டும் அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. ‘கூட்டம் தாங்கல, சர்வர் படுத்துடுச்சு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அந்தப் பக்கம் ஷிஃப்ட்டில் இருக்கும் இன்ஜினீயரின் திரையில் சில சமயம் வேறு கதை ஓடும். சிபியு கால்வாசிகூடப் பயன்பாட்டில் இல்லை. ராம் பாதி காலி. டிஸ்க்கில் இடம் தாராளம். ஆனாலும் லாக் முழுக்க ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’. எரர் எண் 24.

அளவுக்கு மீறி ஃபைல்கள் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். வந்தவர்கள் எல்லோரும் வெப்சைட்டைத்தானே திறந்தார்கள், ஃபைலை யார் திறந்தது?

சரி, ஃபைல் டிஸ்கிரிப்டர்னா என்ன?

லினக்ஸில் ஓடும் ஒரு புரோகிராம் எதையாவது திறந்தால், கெர்னல் அதற்கு ஒரு சின்ன எண்ணைக் கொடுக்கும். 0, 1, 2 என்ற மூன்றும் வழக்கமாக ஆரம்பத்திலேயே போய்விடும்: உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி. அடுத்து திறப்பதற்கு 3, அதற்கடுத்து 4. இந்த எண்தான் ஃபைல் டிஸ்கிரிப்டர். தியேட்டர் டூவீலர் ஸ்டாண்டில் தரும் டோக்கன் மாதிரி. வண்டி உள்ளே நிற்கும், நம் கையில் டோக்கன் இருக்கும். வண்டியை எடுக்கும்போது திருப்பிக் கொடுத்தால், அதே டோக்கன் அடுத்து வருபவருக்குப் போகும்.

எதையும் ஃபைல் போலவே பாவிப்பது யூனிக்ஸின் பழைய வழக்கம். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ், நெட்வொர்க் இணைப்புக்கும் இதே டோக்கன் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. அதன் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம். உங்கள் போன் ஒரு வெப் சர்வருடன் இணைந்தால், அங்கே ஒரு டோக்கன் செலவு. அந்த சர்வர் உங்களுக்காகப் பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் சர்வரிடம் பேசினால் இன்னொன்று. டேட்டாபேஸ் இணைப்பு, லாக் ஃபைல் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொன்று. ஆக, எரரில் வரும் ‘ஃபைல்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்து டிஸ்க்கைத் தோண்டுவதில் பயனில்லை. பிஸியான வெப் சர்வரில் அது பெரும்பாலும் மனிதர்களின் இணைப்புகளைத்தான் குறிக்கிறது.

டோக்கன் தீர்ந்தால், ஸ்டாண்டு பாதி காலியாக இருந்தாலும் வாசலில் நிற்பவரை உள்ளே விட முடியாது. சிபியு சும்மா இருந்தும் தளம் திறக்காத மர்மம் இவ்வளவுதான்.

அது என்ன 1024?

1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஒரு ப்ராசஸ் 20 ஃபைல்கள் வரை திறக்கலாம். இன்றைய லினக்ஸில் பல இடங்களில் தொடக்க வரம்பு 1024. இவ்வளவு பெரிய மெஷின்கள் வந்த பிறகும் இந்த எண்ணை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?

காரணம், ‘செலக்ட்’ என்ற பழைய சிஸ்டம் கால். எந்தெந்த இணைப்பில் டேட்டா வந்திருக்கிறது என்று பார்க்க உதவுவது. 1024 பிட் கொண்ட ஒரு பட்டியலை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. 1024ஆம் எண்ணுள்ள டோக்கனை அதில் குறிக்கப்போனால், பட்டியலைத் தாண்டி மெமரியில் வேறெங்கோ எழுதிவிடும். எரர்கூட வராமல் புரோகிராம் கெட்டுப்போகலாம். இன்னமும் ‘செலக்ட்’டை நம்பும் பழைய புரோகிராம்கள் இருப்பதால், சாஃப்ட் லிமிட் என்ற தொடக்க வரம்பு 1024ஆகவே விடப்பட்டிருக்கிறது. ஹார்டு லிமிட் என்ற உச்ச வரம்பு தனி. 2018 டிசம்பரில் வந்த சிஸ்டம்டி 240ஆம் பதிப்பு அந்த உச்சத்தை 5,24,288 ஆக்கியது. நவீன புரோகிராம்கள் தாங்களே தங்கள் சாஃப்ட் லிமிட்டை அதுவரை உயர்த்திக்கொள்ளலாம். கோ மொழியில் எழுதியவை 1.19ஆம் பதிப்பிலிருந்து இதைத் தானாகவே செய்துகொள்கின்றன.

கூட்டம் கூடாமலே டோக்கன் தீருமா?

தீரும். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

ஒரு சின்ன கணக்கு. ஒரு தளத்துக்கு நொடிக்கு 200 கோரிக்கைகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல 0.1 நொடி. ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இணைப்புகள் 200 × 0.1, அதாவது வெறும் 20. இப்போது டேட்டாபேஸில் ஏதோ ஒரு குவெரி மந்தமாகி, பதில் சொல்ல 6 நொடி ஆகிறது என்று வையுங்கள். 200 × 6 = 1,200. வருகிற கூட்டத்தில் ஒரு ஆள்கூடக் கூடவில்லை. ஆனால் 1024 தாண்டிவிட்டது. ப்ராக்ஸியாக நிற்கும் என்ஜின்-எக்ஸ் போன்ற சர்வரில் ஒரு பயனருக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு டோக்கன் போவதால், இதில் பாதியிலேயே மூச்சு முட்டும்.

அதாவது நோய் டேட்டாபேஸில், வலி வெப் சர்வரில். டோக்கனைக் கூட்டினால் அந்த மந்தமான டேட்டாபேஸ் மேல் இன்னும் அதிகம் பேர் போய் நிற்பார்கள், அவ்வளவுதான்.

கீப்-அலைவ் என்ற வசதியும் இந்தக் கணக்கில் சேரும். பதில் போன பிறகும், ‘திரும்ப வருவார்’ என்று இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது அது. என்ஜின்-எக்ஸில் இதன் இயல்பு நேரம் 75 நொடி. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டவருக்காகவும் ஒரு டோக்கன் காத்துக்கொண்டிருக்கும்.

லோடா, லீக்கா?

இந்த எரரைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். டோக்கன்கள் நியாயமாகத் தீர்ந்தனவா, திரும்பி வராமல் தொலைந்தனவா?

கோடில் ஒரு இணைப்பைத் திறந்து, நடுவில் எரர் வந்து, மூடும் வரிக்கே போகாமல் வெளியேறினால் அந்த டோக்கன் போனது போனதுதான். சோதனையில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே எரர் அபூர்வம். நிஜ நெருக்கடியில்தான் டைம்அவுட்கள் குவியும், ஒவ்வொரு டைம்அவுட்டும் ஒரு டோக்கனை விழுங்கும். பைத்தானின் ‘வித்’, ஜாவாவின் ‘ட்ரை-வித்-ரிசோர்சஸ்’ எல்லாம் இந்த மறதிக்கு வைத்தியமாக வந்தவைதான்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. லினக்ஸின் ‘ப்ராக்’ ஃபோல்டருக்குள் ப்ராசஸ் எண்ணின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் ‘எஃப்டி’. அங்கே எத்தனை இருக்கின்றன என்று எண்ணினால் அந்த நேரக் கணக்கு கிடைத்துவிடும். அதைப் பகலிலும் பார்க்க வேண்டும், கூட்டம் ஓய்ந்த அதிகாலை 3 மணிக்கும் பார்க்க வேண்டும். கூட்டம் குறைந்தும் எண்ணிக்கை இறங்கவில்லை, தினமும் படிப்படியாக ஏறுகிறது என்றால் அநேகமாக லீக்தான். வாராவாரம் ரீஸ்டார்ட் செய்து ‘சரியாயிடுச்சு’ என்று சொல்லும் டீம்களில் இந்த லீக் வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

அடுத்து ‘எஸ்எஸ்’ என்ற கமாண்ட். இணைப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அது காட்டும். ‘க்ளோஸ்-வெயிட்’ நிலையில் நிறைய இருந்து, நேரமாகியும் குறையவில்லை என்றால் சந்தேகம் நம் கோட் மேல்தான். எதிர்முனை கிளம்பிவிட்டது, நாம்தான் இன்னும் மூடவில்லை என்று அதற்குப் பொருள். ‘டைம்-வெயிட்’ ஆயிரக்கணக்கில் இருப்பதைப் பார்த்துப் பதறுபவர்கள் அதிகம். ஆனால் அவை கெர்னலின் கணக்கில் மட்டுமே இருப்பவை. அவற்றிடம் டோக்கனே கிடையாது. இந்த எரருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

ஏமாற்றும் அறிகுறிகளும் உண்டு. டோக்கன் தீர்ந்த ப்ராசஸால் டிஎன்எஸ் தேடலுக்குக்கூட இணைப்புத் திறக்க முடியாது. அதனால் லாக்கில் ‘ஹோஸ்ட் பெயர் கிடைக்கவில்லை’ என்று வரும், நெட்வொர்க் டீமை எழுப்பிவிடுவார்கள்.

லிமிட்டை ஏத்தியாச்சு, ஆனாலும் அதே எரர்!

லீக் இல்லை, நிஜமாகவே கூட்டம்தான் என்றால் வரம்பை உயர்த்துவது சரி. ஆனால் எங்கே உயர்த்துவது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

டெர்மினலில் ‘யூலிமிட்’ கமாண்ட் போட்டால் 65,535 என்று காட்டும். ‘லிமிட்ஸ்.கான்ஃப்’ ஃபைலிலும் அதே எண். சர்வர் மட்டும் 1024-லேயே விழுந்துகொண்டிருக்கும். ஏனென்றால் அந்த ஃபைல், மனிதர்கள் லாகின் செய்யும்போது மட்டும் படிக்கப்படுவது. சிஸ்டம்டி கிளப்பிவிடும் சர்வீஸ்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அந்த சர்வீஸின் யூனிட் ஃபைலில் ‘லிமிட்நோஃபைல்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும், பிறகு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். உண்மை நிலவரம் தெரிய, ‘ப்ராக்’கில் அந்த ப்ராசஸின் ‘லிமிட்ஸ்’ ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும். உங்கள் டெர்மினல் காட்டுவது உங்கள் டெர்மினலின் வரம்பு மட்டும்தான்.

என்ஜின்-எக்ஸ் என்றால் அதற்குள்ளேயே இன்னொரு பூட்டு இருக்கிறது. ‘வொர்க்கர் கனெக்‌ஷன்ஸ்’ என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 512 தான், அதில் பின்பக்க இணைப்புகளும் அடக்கம். இதை மட்டும் கூட்டிவிட்டு ‘வொர்க்கர் ஆர்லிமிட் நோஃபைல்’ வரியை விட்டுவிட்டால், பழையபடி எரர் 24 வந்து நிற்கும்.

அப்போ வரம்பே இல்லாமல் விட்டுடலாமே? அதையும் செய்து பார்த்தாயிற்று. சில லினக்ஸ் அமைப்புகளில் கன்டெய்னர்களுக்கு ‘வரம்பில்லை’ என்று எழுதியது, நடைமுறையில் 107 கோடிக்கும் மேலான எண்ணாக மாறியது. சில பழைய புரோகிராம்கள் தொடங்கும்போது, திறந்திருக்கக்கூடிய எல்லா டோக்கன்களையும் ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கும் பழக்கம் உள்ளவை. 1024 என்றால் கண் இமைக்கும் நேரம். 107 கோடி என்றால் சிபியுவை முழுதாகப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். மைஎஸ்க்யூஎல் 5.7 இந்த எண்ணைப் பார்த்து, கிகாபைட் கணக்கில் மெமரியை முன்கூட்டியே வளைத்துப் போட்டது.

அமேசானுக்கே நடந்தது

டோக்கன் வரம்பு இல்லை, அதன் பங்காளியான த்ரெட் வரம்பு. 2020 நவம்பர் 25, அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய நாள். வடக்கு வர்ஜீனியாவில் அமேசான் வெப் சர்வீசஸின் கினெசிஸ் சேவைக்குக் கொஞ்சம் கூடுதல் சர்வர்களைச் சேர்த்தார்கள். அந்தச் சேவையின் முன்வரிசையில் ஒவ்வொரு சர்வரும், மற்ற ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு த்ரெட் வைத்திருக்கும். புது ஆட்கள் சேரச் சேர, ஏற்கெனவே இருந்த எல்லோரிடமும் எண்ணிக்கை ஏறியது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் அனுமதித்த உச்சத்தை முழு வரிசையும் தாண்டிவிட்டது. திறனைக் கூட்டப் போய் சேவை சரிந்தது.

விடிகாலை 5.15க்கு அலாரம், முழுதாக மீண்டது இரவு 10.23க்கு. கினெசிஸை நம்பியிருந்த காக்னிட்டோ, கிளவுட்வாட்ச் சேவைகளும் சேர்ந்து தடுமாறின. வாடிக்கையாளர்களுக்கு நிலவரம் சொல்லும் பக்கத்தை அப்டேட் செய்யும் கருவியே காக்னிட்டோவை நம்பியிருந்ததால், ஆரம்பத்தில் அதையும் வழக்கம்போல் அப்டேட் செய்ய முடியவில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் செய்யாமல் விட்டது. அந்தப் பதற்றத்திலும் வரம்பைச் சட்டென்று உயர்த்திவிடவில்லை. சோதித்துப் பார்க்காமல் அதைத் தொட வேண்டாம் என்று முடிவெடுத்து, சேர்த்த சர்வர்களை எடுத்துவிட்டு, மெதுவாக ரீஸ்டார்ட் செய்தார்கள். பிறகு சிபியுவும் மெமரியும் அதிகமுள்ள பெரிய சர்வர்களுக்கு மாறி, எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

இன்னிக்கே பார்க்கக்கூடியது

ப்ரொமீதியஸ் பயன்படுத்தும் டீம் என்றால் வேலை சுலபம். திறந்திருக்கும் டிஸ்கிரிப்டர்கள் எத்தனை, வரம்பு எத்தனை என்ற இரண்டு எண்களையும் அதன் பெரும்பாலான கிளையன்ட் லைப்ரரிகள் தாமாகவே தருகின்றன. ஒன்றை மற்றொன்றால் வகுத்து, 70 சதவீதத்தில் ஒரு அலர்ட் வைத்தால் போதும். சிபியுவுக்கும் மெமரிக்கும் பத்து கிராஃப் இருக்கும் பல டாஷ்போர்டுகளில் இந்த ஒன்று இருப்பதில்லை.

லோட் டெஸ்ட் செய்யும்போது ஆயிரக்கணக்கான போலிப் பயனர்களை மட்டும் அனுப்பாமல், டேட்டாபேஸ் பதிலை வேண்டுமென்றே 5 நொடி தாமதப்படுத்தி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வழக்கமான கூட்டத்திலேயே அந்த அலர்ட் அடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.