கொலுவில் ஒரு போர்க்களம்

நவராத்திரி வந்தால் படிகளில் தெய்வங்கள் வீற்றிருப்பார்கள். படிக்குக் கீழே, தரையில், பிள்ளைகளின் ராஜ்யம். ஆற்று மணலைப் பரப்பி, கேழ்வரகு விதைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, அதன் கரையில் ஒரு கோயிலோ ரயில்வே ஸ்டேஷனோ அமைத்து மகிழ்வது நம் வீடுகளின் வழக்கம். வேலூருக்கும் ஆரணிக்கும் இடைவழியில் உள்ள கண்ணமங்கலத்துப் பிள்ளைகள் இவ்வருஷம் அந்த இடத்தில் ஒரு போர்க்களத்தை அமைக்க விரும்பினால், அதற்கு வெகுதூரம் போய்த் தேட வேண்டியதில்லை. பட்டுக்குப் பேர்போன ஆரணி, சரித்திரத்தில் இரண்டு யுத்தங்களுக்கும் பேர்போன ஊரல்லவா?

பொம்மை வாங்கக் கிளம்புமுன் முதலில் நிச்சயிக்க வேண்டியது வருஷம். 1751-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி, ஆற்காட்டு முற்றுகை முடிந்த சூட்டோடு, ராபர்ட் கிளைவ் ஆரணியருகே சந்தா சாகிபின் குமாரர் ரஜா சாகிபை எதிர்த்தார். 1782 ஜூன் 2-ந் தேதி அதே ஆரணியில் ஹைதர் அலியும் ஸர் அயர் கூட்டும் மோதினார்கள். இடைப்பட்ட 31 வருஷங்களில் சிப்பாயின் உடையே மாறிவிட்டது. கடையில் கிடைக்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய் 1782-க்குப் பொருந்துவான். 1751-க்குப் பொருந்தமாட்டான்; கம்பெனியின் சிப்பாய்கள் ஒழுங்கான பட்டாளங்களாக வகுக்கப்பட்டது 1758-க்குப் பிறகுதான். முந்திய யுத்தத்தில் அவர்கள் தலைப்பாகையும் இடைக்கச்சுமாகத் தங்கள் சொந்த உடையிலேயே நின்றார்கள்.

நாம் 1751-ஐயே எடுத்துக்கொள்வோம். களத்தின் அமைப்பு பொம்மைக் காட்சிக்கென்றே ஏற்பட்டது போன்றது. கிளைவின் படைக்கு வலப்புறம் ஒரு கிராமம். இடப்புறம் ஒரு தோப்பு. எதிரே சேறு நிறைந்த நெல் வயல்கள். அவ்வயல்களை ஊடறுத்துக் கிராமத்தை நோக்கி வரும் ஒரு மேட்டுப்பாதை. அந்தப் பாதையின் வழியே நெருங்கி வந்த எதிரிப் படை பீரங்கிக் குண்டுகளுக்கு இரையாகிச் சிதறி வயலில் இறங்கிற்று. பீரங்கி வண்டி சேற்றில் உருளுமா? யுத்தத்தின் முடிவை நிர்ணயித்ததில் பாதிப் பங்கு நமது நன்செய்க்கு உண்டு. ஆகையால் முளைவிட்ட கேழ்வரகு வெறும் அலங்காரமன்று. அதுவும் ஒரு பாத்திரம்.

அடுத்தபடி அளவு. வெளிநாட்டு ஈயச் சிப்பாய்கள் பெரும்பாலும் இரண்டு அங்குல உயரமுள்ளவை. அதாவது ஆளில் 32-ல் ஒரு பங்கு. பெட்டியில் கும்பலாக வரும் பிளாஸ்டிக் வீரர்கள் 72-ல் ஒரு பங்கு. ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. எது நல்லது என்பதை ஆளைக் கொண்டு தீர்மானிக்காதீர்கள். மரத்தைக் கொண்டு தீர்மானியுங்கள். 50 அடிப் பனைமரம் சிறிய அளவில் 8 அங்குலம் நிற்கும். பெரிய அளவில் 19 அங்குலம் வளர்ந்து கொலுவின் இரண்டாம் படியை மறைத்துவிடும்! கூடத்தில் இடம் குறைவானால் சிறியதே உத்தமம். பழைய ஈயப் பொம்மைகளைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இனி, யாரை எத்தனை வாங்குவது? சரித்திரக்காரர் தரும் கணக்கு ஏறக்குறைய இது: கிளைவின் பக்கம் ஐரோப்பியர் 200, சிப்பாய்கள் 700, முராரி ராவின் மராட்டியக் குதிரை வீரர் 600. ரஜா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரர் 300, சிப்பாய்கள் 2,500, குதிரை வீரர் 2,000. நூறு பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தால் மொத்தம் 63 பொம்மைகள் வேண்டும். அறுபத்துமூவர் என்றதும் நமக்கு வேறு நினைவு வரும். இந்த அறுபத்துமூவரில் ஐரோப்பியர் ஐந்தே பேர்! மற்ற 58 பேரும் இந்நாட்டவர்.

ஆனால் பாடப் புத்தகத்தில் நாம் படித்தது என்ன? ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த யுத்தம் என்றல்லவா? கடையில் போய்க் கேட்டாலும் முக்கோணத் தொப்பி வைத்த துரைமார்களைத்தான் பெட்டி பெட்டியாக எடுத்துக் காட்டுவார்கள். அவர்களில் ஐந்து பேரை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள். கம்பெனிச் சோல்ஜர் இருவருக்குச் சிவப்புச் சட்டை இருக்கட்டும். மிகுந்தவர்களைப் பண்ணுருட்டி முதலிய ஊர்களில் களிமண் பொம்மை செய்யும் கைகாரர்களிடம் சொல்லிச் செய்விப்பதே மேல். தலைப்பாகைச் சிப்பாய்க்கு ஓர் அச்சு, குதிரை வீரனுக்கு ஓர் அச்சு, இரண்டே போதும். துப்பாக்கிக்குத் தென்னை ஈர்க்கு இருக்கிறது. குதிரைவாலுக்கும் இடைக்கச்சுக்கும் கொடிக்கும் தறிவீட்டில் வெட்டிப் போட்ட பட்டு நூல் துணுக்குகளை விட மேலான சரக்கு எந்தச் சீமையில் கிடைக்கும்?

ஒரே அச்சுச் சிப்பாய் இரு பக்கத்துக்கும் பொருந்துமா என்று சிலர் சந்தேகிக்கலாம். பொருந்தும், அதுதான் இந்தக் காட்சியில் மனத்தை வருத்தும் விஷயம். சீருடை ஏற்படாத அக்காலத்தில், இங்கே நின்றவனையும் அங்கே நின்றவனையும் வேறு பிரித்துக் காட்டியது சம்பளம் ஒன்றே. யுத்தம் முடிந்ததும் ரஜா சாகிபின் சிப்பாய்களில் பல நூறு பேர் தங்கள் துப்பாக்கிகளோடு கிளைவினிடம் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஆகவே சரஸ்வதி பூஜையன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கத்துப் பொம்மைகள் ஐந்தாறை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தால் தடுக்காதீர்கள். அது சரித்திரத்துக்கு விரோதமன்று.

கொலு பார்க்க வரும் பெண்டுகள், "இதில் வெள்ளைக்காரன் எங்கே?" என்று குனிந்து தேடுவார்கள். ஐந்து பேரையும் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாகும். பிறகு மற்ற 58 பேர் யார் என்ற கேள்வி தானே எழும். அதற்குப் பதில் சொல்ல வீட்டுப் பிள்ளைகளைத் தயார் செய்து வையுங்கள். சுண்டல் வழங்குவது அப்புறம் இருக்கட்டும்.