மேடையில் உறுமும் கிட்டார்... அடக்குவது எப்படி?

முதல் மேடை. மாதக்கணக்கில் பழகிய பாட்டு. வீட்டில் அழகாகப் பாடிய அதே அக்கூஸ்டிக் கிட்டார், ஒயரைச் செருகி வால்யூமை ஏற்றியதும் 'ஊம்ம்ம்...' என்று உறுமத் தொடங்குகிறது. கூட்டம் காதைப் பொத்திக்கொள்கிறது. வாசிப்பவரின் விரல்கள் நடுங்குகின்றன. அதற்கு மேல் பாட்டு எங்கே வரும்?

இந்தச் சத்தத்துக்குப் பெயர் ஃபீட்பேக். பழி பெரும்பாலும் வாசிப்பவர் மீதோ, சவுண்ட் செட்காரர் மீதோ விழும். உண்மையில் இது அந்தக் கருவியின் குணம். அதைப் புரிந்துகொண்டால், நிகழ்ச்சிக்கு முன்பே சரிசெய்துவிடலாம்.

ஏன் இப்படி உறுமுகிறது?

அக்கூஸ்டிக் கிட்டாரின் உடல் ஒரு காலிப் பெட்டி. கம்பியின் மெல்லிய அதிர்வைப் பெரிதாக்கித் தருவது அதுதான். ஆனால், வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கும் அந்தப் பெட்டி அதிரும். ஸ்பீக்கர் சத்தம் பெட்டியை அதிரவைக்கும். அந்த அதிர்வை கிட்டாருக்குள் இருக்கும் பிக்கப் வாங்கி, மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்பும். இப்படிச் சுற்றிச் சுற்றி வளர்வதுதான் ஃபீட்பேக்.

1964-ல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட 'ஐ ஃபீல் ஃபைன்' பாடலின் தொடக்கத்தில் ஒலிப்பதும் இதே ஃபீட்பேக்தான். ஜான் லெனன் வாசித்தது கிப்ஸன் ஜே-160ஈ என்ற, பிக்கப் பொருத்திய அக்கூஸ்டிக் கிட்டார். ஃபீட்பேக்கைக் குறைப்பதற்காகவே அதன் மேல்பலகையை பிளைவுட்டில் செய்திருந்தார்கள். அப்படியும் அது உறுமியது! ஸ்டூடியோவில் அதை ரசித்துப் பாட்டிலேயே சேர்த்துக்கொண்டார்கள். மேடையில் அந்த வசதி கிடையாது.

சத்தமே காரணத்தைச் சொல்லும்

அடித்தொண்டையில் உறுமினால், சிக்கல் கிட்டார் பெட்டியில். வழக்கமான பெரிய கிட்டார்களில் இது 100 ஹெர்ட்ஸ், 200 ஹெர்ட்ஸ் பக்கம்தான் அதிகம் வரும். 'கீய்ய்ங்' என்று விசில் அடித்தால், முதலில் மைக்கைச் சந்தேகிக்கலாம்.

செலவில்லாத வழிகள்

* மெயின் ஸ்பீக்கர்கள் வாசிப்பவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அவற்றுக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது.

* காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், கிட்டாரின் துளைக்கு நேராக இருக்க வேண்டாம். ஓர் அடி நகர்ந்தோ, உடலைச் சற்றுத் திருப்பியோ நின்றாலே வித்தியாசம் தெரியும்.

* மானிட்டரில் கிட்டார் சத்தம் தேவையான அளவு மட்டும் போதும்.

* பயன்படுத்தாத மைக்குகளை அணைத்துவிட வேண்டும்.

* மிக்ஸரில் 'லோ கட்' பட்டனைப் போடலாம். கிட்டாரின் மிகத் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், அதற்குக் கீழே இருப்பதை வெட்டினால் பாட்டுக்கு நஷ்டமில்லை.

உறுமல் தொடர்ந்தால்..?

கிட்டார் துளையை மூடும் ரப்பர் மூடி, அதிகச் செலவில்லாத தீர்வு. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அதிர்வை அது அடக்கும். கிட்டாரில் 'ஃபேஸ்' பட்டன் இருந்தால் இரண்டு நிலையிலும் வைத்துப் பார்த்து, குறைவாக உறுமும் நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். 'நாட்ச்' குமிழ் இருந்தால், உறுமல் லேசாகத் தொடங்கும்வரை வால்யூமை ஏற்றி, அது மறையும் இடம்வரை குமிழைத் திருப்ப வேண்டும். தொல்லை தரும் அந்த ஒரு சுருதி மட்டும் குறையும்.

அடிக்கடி மேடை ஏறுபவர்கள் துளையில் பொருத்தும் காந்த பிக்கப் பற்றி யோசிக்கலாம். உலோகக் கம்பியின் அதிர்வையே முக்கியமாக வாங்குவதால், பெட்டியின் உறுமல் அதில் குறைவு. நைலான் கம்பி கிட்டாருக்கு இது உதவாது. இயர்போன் வழியாகக் கேட்டு வாசித்தால், மானிட்டர் ஸ்பீக்கரே வேண்டியதில்லை.

பாட்டின் நடுவில் வந்துவிட்டால்?

பதற வேண்டாம். உள்ளங்கையால் கம்பிகளை அழுத்தி, ஸ்பீக்கர் பக்கமிருந்து உடலைத் திருப்பி, கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் போதும். பாடகர் மைக்கின் தலையைக் கையால் பொத்துவது மட்டும் கூடாது. அது விசிலை இன்னும் கூட்டும்!

எல்லாவற்றுக்கும் மேலாக, அரை மணி நேரம் முன்னதாகப் போய், நிகழ்ச்சியில் வைக்கப்போகும் அதே வால்யூமில் ஒரு பாட்டை முழுதாக வாசித்துப் பார்ப்பது நல்லது. உறுமுவதென்றால், காலி நாற்காலிகளுக்கு முன்னாலேயே உறுமிவிட்டுப் போகட்டும்.