பழைய ஒளிப்படங்களில் கறையும் நிறமாற்றமும் நீக்குதல்

பழைய ஒளிப்படங்களில் நாள்பட ஏறிய மஞ்சள் நிறம், பழுப்புக் கறை, பூஞ்சைப் புள்ளி, கீறல் ஆகியவற்றைப் படத்தொகுப்பு மென்பொருள் கொண்டு சரிசெய்வது எண்மிய ஒளிப்பட மீட்டமைப்பு எனப்படுகிறது. இதற்கு ஃபோட்டோஷாப் பரவலாகப் பயன்படுகிறது. 1996ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியான கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளிலும் இதே வேலையைச் செலவின்றிச் செய்ய முடியும். இங்கு கிம்ப்பை வைத்தே விளக்கப்படுகிறது. கருவிகளின் பெயர்கள் மாறினாலும் முறை எல்லா மென்பொருளுக்கும் ஒன்றே.

ஸ்கேன் செய்தல்

கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் அதை வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். சாம்பல் நிற அமைப்பில் ஸ்கேன் செய்தால் கறையின் நிறம் பற்றிய தகவல் தொலைந்துவிடும். அந்தத் தகவல்தான் பின்னர் கறையைப் பிரித்தெடுக்க உதவுகிறது. அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும். கடவுச்சீட்டுப் படம் போன்ற சிறியவற்றுக்கு 1200 நல்லது. ஸ்கேனர் தானாகச் செய்யும் தூசி நீக்கம், கூர்மையாக்கம் ஆகியவற்றை அணைத்துவிட்டு, டிஃப் வடிவில் சேமிக்க வேண்டும். ஒரு நிறத்துக்கு 16 பிட் என்ற ஆழம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். 2018இல் வந்த கிம்ப் 2.10 முதல் அது கையாளப்படுகிறது. படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்து வைப்பது நல்லது. ஸ்டூடியோவின் முத்திரையும் பென்சிலால் எழுதிய தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய படங்கள் ஈரப்பதத்தால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அவற்றைப் பிய்த்தெடுக்க முயன்றால் முகமே கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்வதுதான் சரி.

மஞ்சளானது எது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் வேலையைத் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கறுப்பு வெள்ளைப் படத்தில் கருமையாகத் தெரிவது ஜெலட்டின் படலத்தில் பொதிந்துள்ள நுண்ணிய வெள்ளித் துகள்கள். மஞ்சள் இரண்டு வழிகளில் வருகிறது. காகிதமோ படலமோ பழுத்து, நீர் பட்டு, பூஞ்சை பிடித்து மஞ்சளாவது ஒன்று. வெள்ளித் துகள்களே நிறம் மாறுவது மற்றொன்று. இருட்டறையில் படத்தை ஹைப்போவில் நனைத்தபின் தண்ணீரில் சரியாக அலசாமல் விட்டால், தங்கிய ஹைப்போவிலுள்ள கந்தகம் வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றுகிறது. அப்போது கறுப்பாக இருந்த முடியும் கண்ணும் பழுப்பாகி மங்குகின்றன.

முதல் வகையில் உருவம் நன்றாக இருக்கிறது. அதன் மேல் மஞ்சள் போர்த்தியிருக்கிறது. இரண்டாம் வகையில் உருவமே மஞ்சளாகிவிட்டது. இரண்டுக்கும் மருந்து நேர் எதிரானது.

ஸ்கேன் செய்த படம் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று சேனல்களால் ஆனது. மஞ்சளும் பழுப்பும் நீல ஒளியை உறிஞ்சும்; சிவப்பு ஒளியைப் பெரிதும் திருப்பி அனுப்பும். எனவே மஞ்சள் கறை நீலச் சேனலில் கருந்திட்டாகவும், சிவப்புச் சேனலில் கிட்டத்தட்ட இல்லாததாகவும் தெரியும். கிம்ப்பில் ‘கலர்ஸ்’ பட்டியலில் ‘காம்பொனன்ட்ஸ்’, அதில் ‘டிகம்போஸ்’ என்பதைச் சொடுக்கினால் மூன்று சேனல்களும் மூன்று அடுக்குகளாகப் பிரிந்து கிடைக்கும். கறை படிந்த படமானால் சிவப்பு அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாம். மணிக்கணக்கில் தூரிகையால் அழிக்க வேண்டிய தேநீர்க் கறை ஒரே சொடுக்கில் மறைவதைப் பார்க்கலாம்.

உருவமே மஞ்சளாகி மங்கிய படத்தில் இதைச் செய்தால் முகம் இன்னும் வெளிறும். அங்கே நீல அடுக்கில்தான் உருவம் அழுத்தமாக நிற்கும். அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். நீல மைக்கறைக்கும் நீல அடுக்கே ஏற்றது, ஆனால் வேறு காரணத்தால்: நீலக் கறை நீலச் சேனலில் வெளிறித் தெரியும். கையால் வண்ணம் தீட்டிய பழைய ஸ்டூடியோ படங்களுக்கு இந்த முறை கூடாது. கறையோடு தீட்டிய வண்ணமும் போய்விடும்.

சேனலைத் தேர்ந்தபின் ‘லெவல்ஸ்’ கருவியில் கறுப்பு, வெள்ளை முனைகளை வரைபடம் தொடங்கி முடியும் இடங்களுக்கு நகர்த்தினால் மங்கல் தெளியும். வெள்ளைச் சேலையின் மடிப்புகள் மறையும் அளவுக்கு இழுத்துவிடக் கூடாது.

வண்ணப் படங்கள்

வண்ணப் படத்தின் நிறங்கள் சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்று சாயங்களால் ஆனவை. மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. 1970களின் ஆல்பங்களில் பல படங்கள் செக்கச்செவேலென்று ஆகியிருப்பதற்குச் சயான் சாயம் முந்தி மங்கியதே காரணம். ‘லெவல்ஸ்’ கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேர்ந்து முனைகளைச் சரிசெய்தால் நிறம் பெருமளவு திரும்பும். வெள்ளைப் பொருளொன்றைத் தொட்டுக்காட்டி நிறத்தைச் சமன்செய்யும் வசதியும் உண்டு. அதற்கு வேட்டியைத் தொடுவதற்குமுன் யோசிக்க வேண்டும். நீலம் போட்டு வெளுத்த வேட்டியானால் படம் முழுதும் மஞ்சளடிக்கும்.

புள்ளிகளை நீக்குதல்

நிறத்தைச் சரிசெய்த பிறகே புள்ளிகளுக்கு வர வேண்டும். பாதிப் புள்ளிகள் அதற்குள் மறைந்திருக்கும். அடுக்கை நகலெடுத்து, நகலின் மேல் வேலை செய்யலாம். ‘ஹீல்’ கருவியைத் தேர்ந்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி அருகிலுள்ள நல்ல இடத்தைச் சொடுக்கிவிட்டு, பிறகு புள்ளியின் மேல் சொடுக்க வேண்டும். இக்கருவி நல்ல இடத்தின் இழையமைப்பை எடுத்து, புள்ளி இருக்கும் இடத்தின் நிறத்தோடும் ஒளியோடும் இசைத்துவிடும். தூரிகை புள்ளியைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். வெள்ளைச் சட்டையும் கரிய பின்னணியும் சந்திப்பது போன்ற ஓரங்களில் ‘ஹீல்’ அழுக்குபோல் பூசிவிடும். அங்கே அப்படியே நகலெடுக்கும் ‘குளோன்’ கருவியே நல்லது.

எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் நீக்கும் ‘டெஸ்பெக்கிள்’ வடிகட்டியும் இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றியுள்ளவற்றின் இடைநிலை மதிப்பைக் கொடுத்து அது புள்ளிகளை அழிக்கிறது. அதற்குத் தூசி எது, மூக்குத்தி எது என்று தெரியாது. மூக்குத்தியின் மினுக்கம், நெற்றிப் பொட்டு, கன்னத்து மச்சம், சேலைக் கரையின் சரிகைப் புள்ளிகள் எல்லாம் அதன் கணக்கில் பிசிறுதான். வெற்று வானத்தையும் சுவரையும் தேர்வு செய்து அங்கு மட்டும் பயன்படுத்தலாம். முகத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. மச்சமா கறையா என்ற ஐயம் வந்தால் அதே ஆளின் வேறொரு படத்தைப் பார்க்கலாம், இல்லையேல் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கலாம். விடை கிடைக்காவிட்டால் புள்ளியை விட்டுவைப்பதே நேர்மை.

செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. மங்கிய முகத்தில் இல்லாத விவரத்தை, தாம் பயின்ற ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து ஊகித்து அவை நிரப்புகின்றன. கிடைக்கும் முகம் தெளிவாக இருக்கும். பாட்டியின் முகமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒருவருக்கு எஞ்சியிருப்பது ஒரே ஒரு படமானால், அடுத்த தலைமுறை அந்தப் புதிய முகத்தையே அவருடையதாக நம்பிவிடும். பூச்சி அரித்தோ படலம் உரிந்தோ முகத்தில் ஒரு பகுதி முற்றிலும் போயிருந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத்தால் மெல்ல நிரப்பி நிறுத்திக்கொள்ளலாம்.

திருத்திய படத்தைக் கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் வடிவிலும், பகிர்வதற்கு ஜேபெக் வடிவிலும் சேமிக்கலாம். முதலில் எடுத்த ஸ்கேன் கோப்பின் மேல் எதையும் எழுதாமல் தனியே வைக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே ‘மூலம்’, ‘திருத்தியது’ என்று குறித்துவிட்டால் பின்னால் குழப்பம் வராது.