பகலில் வார்டு, இரவில் டியூட்டி, நடுவில் தீசிஸ்: குழந்தைநல மருத்துவர்கள் ஆராய்ச்சி கற்பது எப்படி?

ராத்திரி இரண்டு மணி. அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டு. வலிப்போடு வந்த குழந்தை இப்போதுதான் தூங்குகிறது. கேஸ் ஷீட்டை எழுதி முடித்த இளம் டாக்டர், கோட் பாக்கெட்டில் இருந்து மடித்து வைத்த ஒரு தாளை எடுக்கிறார். பிறந்தபோது எடை எவ்வளவு? வீட்டில் வேறு யாருக்காவது வலிப்பு வந்திருக்கிறதா? அம்மாவிடம் கேட்டுக் கேட்டு கட்டங்களை நிரப்புகிறார்.

சிகிச்சைக்கான கேள்விகள்தானே என்று நினைப்போம். பாதி அப்படித்தான். மீதி, அவருடைய தீசிஸுக்கு.

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு குழந்தைநல மருத்துவத்தில் எம்.டி. படிக்கும் 'பிஜி' டாக்டர்கள்தான் பெரிய மருத்துவமனைகளில் நாம் முதலில் பார்க்கும் முகங்கள். அவர்களுக்குப் படிப்பு 3 ஆண்டுகள். அதற்குள் ஓர் ஆய்வை வடிவமைத்து, நடத்தி, எழுதி முடிக்க வேண்டும். தீசிஸ் இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது.

கணக்குப் போட்டா எங்கே இடிக்குதுன்னு தெரியும்

3 ஆண்டுகள் என்றால் 36 மாதங்கள். தேர்வுக்குக் குறைந்தது 6 மாதங்களுக்கு முன்பே தீசிஸைச் சமர்ப்பிக்க வேண்டும். மீதி 30. தலைப்பைத் தேர்ந்தெடுத்து, கைடிடம் திருத்தம் வாங்கி, எத்திக்ஸ் கமிட்டியில் அனுமதி பெறுவதற்குள் முதல் 6 மாதங்கள் ஓடிவிடும். மீதி 24. அதில் 3 மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தாக வேண்டும். 'டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சி புரோகிராம்' என்று தேசிய மருத்துவ ஆணையம் கட்டாயமாக்கியிருக்கும் பயிற்சி இது. பல நேரம் அங்கே தீசிஸுக்கான நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள். கடைசியில் தரவுகளை அலசி எழுதவும் சில மாதங்கள் வேண்டும்.

ஆக, நோயாளிகளைச் சேர்க்கக் கையில் இருப்பது தோராயமாக ஒன்றரை ஆண்டு. அதுவும் டியூட்டிக்கு நடுவே. அரிதான ஒரு நோயைத் தலைப்பாக எடுத்துவிட்டு, மாதத்துக்கு ஒரு குழந்தைகூட வராமல் தவிப்பவர்களின் கதை ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு. (மீடியா ஸ்டடீஸ் படித்த எனக்கு 4 மாதப் புராஜெக்ட்டே தூக்கத்தைக் கெடுத்தது. அதில் யாருடைய உயிரும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை.)

டாக்டர் வைத்தியம் பார்த்தால் போதாதா?

நியாயமான கேள்வி. பதிலுக்கு இரண்டு பேரைப் பார்க்கலாம்.

1971, வங்கதேச விடுதலைப் போர். எல்லையில் உள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா. ஏற்றுவதற்கு குளுக்கோஸ் பாட்டில் போதவில்லை. குழந்தைநல மருத்துவரான திலிப் மஹலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் வைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்குக் கொடுக்கச் சொன்னார். இறப்பு விகிதம் சுமார் 30 சதவீதத்தில் இருந்து 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஆனால் அவர் நீரைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்கு வைத்து, ஆய்வாக வெளியிட்டார். அந்தக் கணக்கு இருந்ததால்தான் உலகம் நம்பியது. இன்று மெடிக்கல் ஷாப்பில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குப் பின்னால் அந்த முகாமும் இருக்கிறது.

இன்னொருவர் அமெரிக்காவின் மேரி எலன் ஏவரி. குழந்தைநலப் பயிற்சியை முடித்த கையோடு ஆராய்ச்சிக்குள் போனவர். குறைமாதக் குழந்தைகள் ஏன் மூச்சுத் திணறி இறக்கிறார்கள் என்பதற்கு, நுரையீரலை விரிந்தபடி வைத்திருக்கும் 'சர்ஃபாக்டன்ட்' என்ற பொருள் அவர்களிடம் போதவில்லை என்று 1959-ல் விடை சொன்னார். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் குறைமாத மகன் பேட்ரிக் அதே மூச்சுத் திணறலால், பிறந்து 39 மணி நேரத்தில் இறந்தான். காரணம் தெரியும், மருந்து கிடையாது. 1980-ல்தான் சர்ஃபாக்டன்டைக் கொடுத்துக் குழந்தைகளைக் காப்பாற்ற முடிந்தது. ஏவரி தன் பயிற்சிக் காலத்தோடு ஆராய்ச்சியை விட்டிருந்தால் அந்த நாள் இன்னும் எவ்வளவு தள்ளிப் போயிருக்கும்?

சரி, யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

நீண்ட காலமாக விடை: யாரும் இல்லை. சீனியரின் தீசிஸைப் பார்த்து ஜூனியர் கற்றுக்கொள்வது, அதாவது தவறுகளையும் சேர்த்து. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. எல்லா பிஜி மாணவர்களும் ஆராய்ச்சி முறையியல் குறித்த ஆன்லைன் படிப்பை முதல் ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டின் விதிமுறை. இதற்கான 'பி.சி.பி.ஆர்.' என்ற அடிப்படைப் படிப்பை நடத்துவது சென்னையில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். என்.பி.டி.இ.எல். தளத்தில் வீடியோவாகப் பார்க்கலாம். ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது, எத்தனை பேரைச் சேர்ப்பது, எந்தப் புள்ளியியல் முறை எதற்கு என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

நல்ல படிப்புதான். ஆனால் வீடியோ பார்த்து நீச்சல் கற்றால் தண்ணீரில் இறங்கும்போதுதான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் கேள்விக்கு உன் வார்டில் பதில் கிடைக்காது, மாற்று" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைப்பது கல்லூரியைப் பொறுத்தது, கைடைப் பொறுத்தது.

உண்மையில் இங்கே குறைவது அறிவு இல்லை, நேரம். பிரிட்டனில் 'அகாடமிக் கிளினிக்கல் ஃபெலோ' என்ற பயிற்சி இடம் கிடைத்தால், வேலை நேரத்தில் 25 சதவீதம் ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கப்படும். அந்த நேரத்தில் வார்டுக்குக் கூப்பிடக் கூடாது. அமெரிக்காவில், பிஎச்.டி. அல்லது அதற்கு இணையான ஆய்வு அனுபவம் உள்ளவர்கள் 3 ஆண்டு குழந்தைநலப் பயிற்சிக்குள்ளேயே 11 மாதங்கள் வரை ஆராய்ச்சி செய்ய தனி வழி இருக்கிறது. நம் ஊரில் ஆராய்ச்சிக்கான நேரம் என்பது தூக்கத்தில் இருந்து எடுப்பதுதான்.

பணமும் படிக்க இதழ்களும்? எம்.டி. தீசிஸுக்கான நிதியுதவித் திட்டம் ஐ.சி.எம்.ஆரிடம் உண்டு. போட்டி அதிகம், ஆனாலும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்லூரி மாணவர்கள் 13,000-க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களைத் தனியாகப் பணம் கட்டாமல் படிக்க முடிகிறது. தனியார் கல்லூரியில் இருப்பவர்களுக்கு இது வரவில்லை.

குறுக்கு வழி

நேரமும் வழிகாட்டியும் இல்லாத இடத்தில் சந்தை நுழைந்துவிடும். 'தீசிஸ் எழுதித் தரப்படும்' என்று சமூக வலைதளத்தில் தேடினால் விளம்பரங்கள் வந்து விழும். புள்ளியியலுக்குத் தனி ரேட், முழுசா எழுதித் தர தனி ரேட். பணம் கட்டினால் எதையும் வெளியிடும் போலி ஆய்விதழ்கள் இன்னொரு பக்கம். புள்ளியியல் நிபுணரிடம் ஆலோசனை கேட்பது தவறில்லை. பார்க்காத குழந்தையைப் பார்த்ததாகத் தாளில் எழுதுவதுதான் மோசடி. அந்தப் பொய் எண் நாளைக்கு இன்னொரு டாக்டரின் மருந்துச் சீட்டு வரை போகலாம்.

பெற்றோராக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

உங்கள் குழந்தையை ஆய்வில் சேர்க்கலாமா என்று ஒரு பிஜி டாக்டர் கேட்டால் பதற வேண்டாம். எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி இல்லாமல் ஆய்வைத் தொடங்கவே முடியாது. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, சம்மதம் வாங்க வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, 7 முதல் 12 வயதுக் குழந்தையிடமும் வாய்மொழியாக ஒப்புதல் கேட்க வேண்டும். 12 வயதைத் தாண்டினால் எழுத்துபூர்வமாக.

என்ன ஆய்வு, கூடுதலாக ரத்தம் எடுப்பார்களா, செலவு யாருடையது என்று தாராளமாகக் கேளுங்கள். யோசிக்க நேரம் கேட்கலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம், பாதியில் விலகலாம். எதைச் சொன்னாலும் குழந்தைக்குக் கிடைக்கும் சிகிச்சை மாறக் கூடாது, அதற்கு உத்தரவாதம் அந்தச் சம்மதப் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லை என்றால் கையெழுத்துப் போடும் முன் அதைக் கேளுங்கள்.