டன்னுக்கு மூன்று ரூபாய்

குவைத்தில் வேலை பார்க்கும் பிள்ளையின் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு தினாருக்கு என்ன ரேட் என்று பைசா சுத்தமாகச் சொல்வார். உலகிலேயே மதிப்பு கூடிய நாணயம் அது. ஆனால் அந்த நாட்டின் முதல் எண்ணெய்க் குத்தகைப் பத்திரத்தில் தொகையெல்லாம் ரூபாயில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நம்ம ரூபாய்தான்.

1934 டிசம்பர் 23 அன்று ஷேக் அகமது அல் ஜாபிர் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு 4,75,000 ரூபாய். எண்ணெய் கிடைத்தால் டன்னுக்கு 3 ரூபாய். குத்தகைக் காலம் 75 ஆண்டு. குத்தகைக்கு விட்ட இடம், குவைத் முழுவதும். ஒரு டன் கச்சா எண்ணெய் என்றால் ஏழு பீப்பாய்க்குச் சற்று மேலே. கணக்குப் போட்டால் ஒரு பீப்பாய்க்கு ஏழணாகூடத் தேறவில்லை.

ரூபாய் எப்படி அங்கே போனது? அந்நாளில் வளைகுடாவில் பிரிட்டன் வைத்ததே சட்டம். அதை நடைமுறைப்படுத்தியது இந்திய சர்க்கார். ஈரான் கரையில் இருந்த புஷயர் நகரில் ஒரு ரெசிடென்ட் உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர் மராட்டிய ராஜாவுக்குப் பக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உட்கார வைத்த அதே பதவி, அதே பெயர். அவருக்குக் கீழே குவைத்திலும் பஹ்ரைனிலும் பொலிட்டிகல் ஏஜென்ட்கள். கடைவீதியில் புழங்கியதும் இந்திய ரூபாய்தான். 1899ல் குவைத்தின் ஷேக் முபாரக், வேறு எந்த நாட்டுக்கும் தன் நிலத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டேன் என்று ரகசியமாக எழுதிக் கொடுத்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது 15,000 ரூபாய்.

அதே முபாரக் 1913 அக்டோபர் 27 அன்று ரெசிடென்ட் சர் பெர்சி காக்ஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நாலைந்து வரிதான். நட்பின் கரத்தால் உங்கள் கடிதம் கிடைத்தது என்று தொடங்குகிறது. நேற்று நாம் பேசியபடி அட்மிரல் வரட்டும். என் மகன்களில் ஒருவரை அவருக்குத் துணையாக அனுப்புகிறேன். புர்கானிலும் மற்ற இடங்களிலும் தார் கசியும் இடத்தை அவர் காட்டுவார். எண்ணெய்க்கு வாய்ப்பு இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், பிரிட்டிஷ் அரசு நியமிக்கும் ஆளைத் தவிர வேறு யாருக்கும் அந்த உரிமையைத் தரமாட்டேன். அவ்வளவுதான். பணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புர்கான் என்ற பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அட்மிரல், சர் எட்மண்ட் ஸ்லேட். கப்பற்படையை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றுவதென்று சர்ச்சில் முனைந்திருந்த நேரம் அது. வேல்ஸில் நிலக்கரி கொட்டிக் கிடந்தது. எண்ணெய்க்குத்தான் அடுத்தவர் மண்ணை நம்பவேண்டியிருந்தது. ஈரானில் 1908லேயே எண்ணெய் கண்டிருந்த ஆங்கிலோ பெர்ஷியன் கம்பெனியில் 22 லட்சம் பவுண்டு போட்டு, பாதிக்கு மேல் பங்குகளை 1914ல் பிரிட்டிஷ் அரசே வாங்கியது.

அதே ஆண்டு மே மாதம் பஹ்ரைன் ஷேக் ஈசாவிடமும் ஒரு கடிதம் வாங்கினார்கள். இது இன்னும் இறுக்கம். தன் நாட்டில் மண்ணெண்ணெய் கிடைக்கும் அறிகுறி தெரிந்தால், தானே அதைத் தோண்டி எடுக்கும் வேலையில் இறங்கமாட்டேன் என்கிறார் ஷேக். ஏஜென்டைக் கேட்காமல், மேலிடத்தின் ஒப்புதல் இல்லாமல் யாரோடும் பேசவும் மாட்டாராம். சொந்த வீட்டுக் கொல்லையில் கிணறு வெட்டமாட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுப்பது போலத்தான். 1922ல் துபாய், ஷார்ஜா, அபுதாபி ஷேக்குகளும் இதே மாதிரி எழுதிக் கொடுத்தார்கள்.

இத்தனை கடிதம் வாங்கியவர்கள் உடனே தோண்டினார்களா என்றால், இல்லை. ஈரான் எண்ணெயே போதும் என்றிருந்தார்கள். அரேபியக் கரையில் பெரிதாக எதுவும் இருக்காது என்பது அவர்களுடைய கம்பெனி நிபுணர்களின் எண்ணம். மற்றவர் வந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் கவலை. ‘தானும் படான், தள்ளியும் படான்’ என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். என்னைக் கேட்டால், காலனி ராஜதந்திரத்தின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இதில் அடக்கம்: எண்ணெயை வாங்குவதற்கு முன்பே ‘மாட்டேன்’ என்ற சொல்லை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டார்கள்.

பூட்டை ஆட்டிப் பார்த்தவர் ஃபிராங்க் ஹோம்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர். பெரிய கம்பெனி பின்னணி கிடையாது. லண்டனில் ஒரு சின்ன சிண்டிகேட், அவ்வளவே. 1922 கடைசியில் உக்கைர் என்ற இடத்தில், பின்னாளில் சவூதி அரேபியாவின் மன்னரான இப்னு சவூதைப் பார்த்து உரிமை கேட்டார். அங்கேயும் பெர்சி காக்ஸ் இருந்தார். இப்போதைக்குத் தர இயலாது என்று ஹோம்ஸுக்கு எழுதச் சொல்லி, கடிதத்தையும் தானே தயாரித்து நீட்டினார். கூட இருந்த லெபனான் எழுத்தாளர் அமீன் ரிஹானி இதைப் பதிவு செய்திருக்கிறார். இப்னு சவூத் வேண்டாவெறுப்பாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மே மாதம் உரிமையை ஹோம்ஸுக்கே கொடுத்தார்! ஆனால் சிண்டிகேட்டின் கையில் காசில்லை. அந்த உரிமை காலாவதியாகிப் போனது.

பஹ்ரைனில் ஹோம்ஸ் எண்ணெய்ப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு நல்ல தண்ணீருக்குக் கிணறு போட்டுக் கொடுத்தார். தண்ணீர் வந்தது. 1925ல் ஆட்சியாளர் எண்ணெய் தேடும் உரிமையைக் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயிலுக்குப் போனது. வந்தவர்கள் அமெரிக்கர்கள் என்றதும் லண்டன் கடிதக் கட்டை மீண்டும் பிரித்தது. கடைசியில் ஏற்பட்ட சமரசம் ஒரு வேடிக்கை. அமெரிக்கப் பணத்தில் ஓடும் கம்பெனியைக் கனடாவில் பதிவு செய்தார்கள். கனடா பிரிட்டிஷ் டொமினியன், எனவே கம்பெனியும் பிரிட்டிஷ் ஆகிவிட்டது. உள்ளூர்ப் பிரதிநிதி ஷேக்கிடம் எது பேசினாலும் பொலிட்டிகல் ஏஜென்ட் வழியாகத்தான் பேசவேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். 1932 கோடையின் தொடக்கத்தில் ஜெபல் துகானில் எண்ணெய் பீறிட்டது. நிபுணர்கள் ‘இருக்காது’ என்று ஒதுக்கிய கரை அது.

அதன் பிறகுதான் குவைத் மீது எல்லோருக்கும் பாசம் பொங்கியது. அமெரிக்காவின் கல்ஃப் ஆயிலுக்காக ஹோம்ஸ் ஒரு பக்கம், ஆங்கிலோ பெர்ஷியன் மறுபக்கம். கல்ஃப் ஆயில் மெலன் குடும்பத்துச் சொத்து. அந்தக் குடும்பத்து ஆண்ட்ரூ மெலன்தான் 1932ல் லண்டனுக்கு அமெரிக்கத் தூதராக வந்தார். பிரிட்டிஷ் கம்பெனிக்கு மட்டுமே என்ற நிபந்தனையும் அந்த ஆண்டே தளர்ந்தது. இதைத் தற்செயல் என்று நம்புவது அவரவர் விருப்பம்.

முபாரக்கின் பேரனான ஷேக் அகமது, இரண்டு பேரை மோதவிட்டு விலையை ஏற்றலாம் என்று காத்திருந்தார். நல்ல கணக்குதான். ஆனால் மோத வேண்டியவர்கள் கைகோத்துக்கொண்டார்கள். 1934 பிப்ரவரியில் ஆளுக்குப் பாதி என்று குவைத் ஆயில் கம்பெனி உருவானது. மார்ச் 4ஆம் தேதி அந்தக் கம்பெனிக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே தனியாக ஒரு அரசியல் ஒப்பந்தம் முடிந்தது. ஷேக்கின் மண்ணைப் பற்றிய ஒப்பந்தம். ஷேக்கின் கையெழுத்து அதில் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டது ஒன்பது மாதம் கழித்து, ஏழணாக் கணக்கில்.

கம்பெனி முதலில் துளையிட்டது வடக்கே, பஹ்ரா என்ற இடத்தில். 1936ல் தொடங்கி அங்கே துளைத்தும் விற்கத் தகுந்த அளவுக்கு எண்ணெய் வரவில்லை. பிறகு தெற்கே நகர்ந்தார்கள். 1938 பிப்ரவரியில் எண்ணெய் கிடைத்த இடம் புர்கான். சவூதியின் கவாருக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயல் அது. கால் நூற்றாண்டுக்கு முன்பே, மகனை அனுப்பிக் காட்டச் சொல்கிறேன் என்று கிழவர் முபாரக் பெயர் சொல்லி எழுதிய அதே புர்கான்.

பத்திரத்தின்படி குத்தகை 2009 வரை ஓடியிருக்க வேண்டும். 1975லேயே குவைத் அரசு கம்பெனியை முழுவதுமாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.