இல்ல வலையமைப்புக்கு ஏற்ற வழிப்படுத்தி

மனைக்கு வாயில் எத்துணை இன்றியமையாததோ, இணையத் தொடர்புடைய இல்லத்துக்கு வழிப்படுத்தியும் அத்துணை இன்றியமையாதது. வழக்கிலே ‘ரவுட்டர்’ எனப்படும் இச்சிறு கருவி, இல்லத்துள்ளிருக்கும் கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி, கண்காணிப்புக் கமரா முதலியவற்றுக்கும் புறத்தேயுள்ள இணையத்துக்கும் இடையே நின்று, வருவனவற்றையும் போவனவற்றையும் உரிய இடத்துச் சேர்ப்பது. கருவிகள் சிலவேயுள்ள வீட்டுக்கு, இணையச் சேவை நிறுவனத்தார் தருவதே பெரும்பாலும் போதும். கருவிகள் பலவாகி, கோப்புக் களஞ்சியமும் வெளியூரிலிருந்து அதனை அணுகும் தேவையும் ஏற்படுமாயின், இல்லத்தார் தாமே ஒன்றைத் தெரிந்து வாங்க நேரும். அவ்வாறு வாங்குவோர் பெட்டியின்மேல் அச்சிட்ட வேகத்தையும் அன்ரனாக்களின் எண்ணிக்கையையுமே முதலில் நோக்குகின்றனர். முதலில் நோக்கற்பாலன வேறு என்பதை ஈண்டு விளக்குவாம்.

வழிப்படுத்தியின் தொழில் யாது? இணைய முகவரியின் நான்காம் பதிப்பு 32 பிற்றுக்களால் ஆயது. அதனாற் கிடைப்பன ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே. உலகிலுள்ள கருவிகள் அனைத்துக்கும் இவை போதா. ஆதலின், வீட்டுக்கு ஒரு புறமுகவரியை வைத்து, உள்ளேயுள்ள பல கருவிகளும் அதனையே பகிர்ந்துகொள்ளும் முகவரிமாற்ற முறை 1994 ஆம் ஆண்டிலே வகுத்து வெளியிடப்பட்டது. எப்பொதி எக்கருவிக்கு உரியது என்பதை வழிப்படுத்தி அட்டவணையொன்றிற் குறித்துவைக்கின்றது. தொடர்புகள் பெருகப் பெருக, அதன் செயலியும் நினைவகமும் மிகுதியாக உழைக்கவேண்டும். எனவே அவ்விரண்டின் ஆற்றலையும் அறிதல் வேண்டும்.

இனி, வேகத்தை நோக்குவாம். ‘ஏ.எக்ஸ். 3000’ என்பதிலுள்ள எண், 574, 2402 என்னும் இரு அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டி முழுமையாக்கிய தொகை. ஒரு கைப்பேசி பெரும்பாலும் ஓர் அலைவரிசையையே ஒருகாற் பயன்படுத்தும். சுவரும் தொலைவும் அதனையும் குறைக்கும். மேலும், இணையக் கம்பி செருகும் துறை ஒரு கிகாபிற் அளவினதாயின், ஏறத்தாழ 940 மெகாபிற்றுக்கு மேல் உள்ளே புகாது.

வேகமிருந்தும் பேச்சுத் தடைப்படுவதுண்டு. ஒருவர் பெரிய கோப்பொன்றை அனுப்பும்போது, அதன் பொதிகள் நீண்ட வரிசையாக நிற்க, மற்றொருவரின் இணையவழி வகுப்பின் பொதிகள் பின்னே காத்துக் கிடக்கின்றன. கத்லீன் நிக்கல்ஸ், வான் யேக்கப்சன் ஆகிய இருவரும் 2012 இலே வெளியிட்ட ‘கோடெல்’ என்னும் வரிசை முகாமை முறை இக்காத்திருப்பைக் குறைப்பது. இத்தகைய வசதி உண்டா என வினவி வாங்குதல் நன்று.

இவை யாவற்றினும் தலையாயது காவல். 2016 ஒக்டோபர் 21 ஆந் திகதி, ‘மிராய்’ என்னும் தீநிரல், உரிமையாளர் மாற்றாது விட்ட கடவுச்சொற்களின் வழியாக வீட்டுக் கமராக்களையும் வழிப்படுத்திகளையும் கைப்பற்றி, அவற்றைக்கொண்டு ‘டைன்’ நிறுவனத்தைத் தாக்கிற்று. பெயர்பெற்ற தளங்கள் பல, சில மணிநேரம் அணுகவொண்ணாதிருந்தன. ஆகவே, ஒரே கம்பியிலும் ஒரே கருவியிலும் பல தனி வலையமைப்புக்களை வகுக்கவல்ல வழிப்படுத்தியே மேம்பட்ட இல்லத்துக்கு ஏற்றது. கமராக்கள் ஒரு பிரிவிலும், விருந்தினர் ஒரு பிரிவிலும், கணினியும் களஞ்சியமும் பிறிதொரு பிரிவிலும் இருப்பின், ஒன்றிற் புகுந்த தீங்கு மற்றொன்றிற் பரவுதல் அரிதாகும். வெளியூரிலிருந்து அணுகுவோர் களஞ்சியத்தை நேரே இணையத்துக்குத் திறந்துவிடாது, ‘வயர்காட்’ போன்ற மறைகுறி வழியால் வருதல் வேண்டும்.

காவலனும் காலத்துக்கேற்பப் பயிற்சி பெறவேண்டுமன்றோ? 2018 இலே ‘விபிஎன் பில்டர்’ என்னும் தீநிரல், குறைந்தது 54 நாடுகளில் ஐந்து இலட்சம் கருவிகளைப் பற்றியிருந்தது வெளிப்பட்டது. இலக்கான கருவிகளுட் பல, முன்பே அறியப்பட்ட குறைகளை உடையன. கருவியை இயக்கும் மென்பொருளுக்குத் திருத்தம் வருதல் நின்றபின், அது எத்துணை விரைவுடையதாயினும் பூட்டற்ற கதவேயாம். பிரித்தானியாவில் 2024 ஏப்பிரில் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், திருத்தம் எதுவரை வழங்கப்படும் என்பதை உற்பத்தியாளர் அறிவித்தல் வேண்டுமெனப் பணிக்கின்றது. அத்தகைய சட்டம் இல்லாவிடத்து வாங்குவோரே அதனைக் கேட்டறிதல் வேண்டும். 2004 முதல் வளர்ந்துவரும் ‘ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.’ என்னும் திறந்த மென்பொருளை ஏற்கும் கருவியாயின், உற்பத்தியாளர் கைவிட்ட பின்னரும் திருத்தம் பெறும் வாய்ப்புண்டு.

ஆகவே, திருத்தம் வரும் காலத்தை முதலிலும், வலையமைப்பைப் பிரிக்கும் வசதியை அடுத்தும், செயலியின் ஆற்றலையும் வரிசை முகாமையையும் அதன் பின்னும் நோக்குக. பெட்டியின்மேலுள்ள எண் இறுதியில் வரட்டும். வீட்டின் பெரும்பாலான இணையப் போக்குவரத்து இச்சிறு பெட்டியினூடேயே நிகழ்கின்றது. விரைந்தோடும் வாயிலோனினும் விழித்திருக்கும் வாயிலோனே அவ்வீட்டுக்கு வேண்டப்படுபவன்.