படகு விபத்தில் உயிரிழப்பு: கருணைத்தொகையைத் தாண்டி இழப்பீடு கோர முடியுமா?

அந்தமான் தலைநகர் போர்ட் பிளேர் (தற்போது ஸ்ரீ விஜயபுரம்) அருகே, ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் இடையே 2014-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி ‘அக்வா மரைன்’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்ததில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா சென்றவர்கள் பலர் அதில் பலியாகினர். சுமார் 25 பேர் மட்டுமே செல்லத்தக்க படகில் 40-க்கும் அதிகமானோர் ஏற்றப்பட்டிருந்தனர்.

இத்தகைய விபத்துகளுக்குப் பின் அரசுகள் கருணைத்தொகை அறிவிப்பது வழக்கம். அது நிவாரணமே தவிர, சட்டப்படியான இழப்பீடு அன்று. அதைப் பெற்றுக்கொள்வதால், தவறிழைத்தவர் மீது வழக்குத் தொடரும் உரிமை பறிபோவதில்லை.

எங்கு முறையிடுவது?

சாலை விபத்துகளுக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உள்ளது. படகு விபத்துகள் அதன் வரம்புக்குள் வாரா. எனவே இரு வழிகள் உள்ளன.

முதலாவது, உரிமையியல் நீதிமன்றம். 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின்படி, இறந்தவரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் நலனுக்காக வழக்குத் தொடரலாம். உடன்பிறந்தோர் இப்பட்டியலில் இல்லை. மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தாக்கல் செய்யப்பட வேண்டும். விபத்து நிகழ்ந்த இடத்திலோ எதிர்த்தரப்பினர் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோதான் வழக்குத் தொடர இயலும்.

இரண்டாவது, நுகர்வோர் ஆணையம். கட்டணம் செலுத்திய பயணி நுகர்வோராவார். அவர் இறந்தால் சட்டப்பூர்வ வாரிசுகள் புகார் அளிக்கலாம். 2020-ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட அனுமதிக்கிறது. ஆகவே இன்று இத்தகைய விபத்து நேரிட்டால், காஞ்சிபுரத்துக் குடும்பம் கடல் கடந்து சென்று வழக்கு நடத்த வேண்டியதில்லை. 2014-இல் இந்த வசதி இல்லை. இங்கும் காலக்கெடு 2 ஆண்டுகளே. தக்க காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படலாம். விரிவான சாட்சி விசாரணை தேவையெனக் கருதினால், உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுமாறு ஆணையம் கூறக்கூடும்.

தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

சாலை விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2009, 2017-ஆம் ஆண்டுகளில் அளித்த தீர்ப்புகள் கணக்கீட்டு முறையை வரையறுத்தன. ஜாம்ஷெட்பூரில் 1989-இல் நிகழ்ந்த தீ விபத்து தொடர்பான 2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் இதையொத்த பெருக்கல் முறை பின்பற்றப்பட்டது.

எடுத்துக்காட்டாக, மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய 32 வயது சுயதொழில் செய்பவர் மனைவியையும் இரு பிள்ளைகளையும் விட்டு இறந்ததாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000 ரூபாய். சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,68,000 ரூபாய். வயதுக்குரிய பெருக்கல் எண் 16. குடும்பத்தின் வருமான இழப்பு 26,88,000 ரூபாய் ஆகும்.

காயமடைந்தோர் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, நிரந்தர ஊனம், வலி, வேதனை ஆகியவற்றுக்கு இழப்பீடு கோரலாம்.

கவனக்குறைவை நிரூபிக்கும் பொறுப்பு பொதுவாக வழக்குத் தொடுப்பவரையே சாரும். எனவே பயணச்சீட்டு, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வருமானச் சான்று, படகின் அனுமதிக்கப்பட்ட பயணிகள் எண்ணிக்கையைக் காட்டும் ஆவணம் ஆகியவற்றை உடனடியாகத் திரட்டி வைப்பது அவசியம்.